தோளைத் தட்டிவிட்டுப் போங்கள்

செத்து ஆறு வருஷமான பஸ் டிரைவர் செவத்தியான் பனிக்கொம்பை அருங்காட்சியகத்தின் துணி அறையில் வந்து உட்கார்ந்த அன்று ஊரே கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தது, மழைக்கு முன்னால் பிடுங்காவிட்டால் மண்ணுக்குள்ளேயே வெடித்துப் பாழாகிவிடும் என்பதால் ஆண் பெண் அத்தனை பேரும் காட்டில் குனிந்து கிடந்தோம், ஆகவே அவர் வந்த விஷயம் எங்களில் பாதிப் பேருக்குச் சாயங்காலம் டீக்கடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தெரிந்ததும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி அவர் சம்சாரம் அருளாயிக்குச் சொல்லியாச்சா என்பதுதான். சொல்லியாச்சு என்றார்கள். அப்புறம் டீ குடித்தோம்.

அவரை முதலில் பார்த்தவள் அருங்காட்சியகத்தின் காப்பாளர் நித்தியகல்யாணி. நேரில் மேடம் என்றுதான் கூப்பிடுவோம், கதையில் அவள் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. தாமிரபரணிக் கரைக்காரி, ஐம்பது தாண்டியவள், வாட்டசாட்டமான உடம்பு, மாற்றலாகி மலைக்கு வந்த மறு வருஷமே கூட வந்த புருஷன் சிதம்பரநாதனைப் பறிகொடுத்துவிட்டு, திரும்பிப் போகச் சொந்த ஊர் இருந்தும் போகாமல், அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் தனியாகவே குடியிருந்தாள். அவள் தனிமை ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. சந்தையில் ஒரு கத்தரிக்காய், ஒரு தக்காளி, கொஞ்சம் மல்லித்தழை என்று அவள் எடுத்து வைக்கும்போது கடைக்காரர் அதைத் தராசில் போடக் கூச்சப்பட்டு அப்படியே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

அருங்காட்சியகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரு பங்களா, ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஒரு பீரங்கியை வைத்தார்கள். அவளுக்கு முன் இருந்த காப்பாளர் ஒரு வினோதமான மனுஷன், மலையூர்க்காரர்கள் எப்படி உடுத்தினார்கள் என்று பின்னால் வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லி, சாவு நடந்த வீடுகளுக்கெல்லாம் போய், செத்தவர்களின் கம்பளிக் கோட்டையும் ஸ்வெட்டரையும் சால்வையையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எங்களுக்கும் அது சௌகரியமாகவே இருந்தது, ஏனென்றால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் செத்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை என்பது இங்கே வழக்கம், காரியம் முடிந்த கையோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும், ஆற்றுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், அருங்காட்சியகமோ கூப்பிடு தூரத்தில் இருந்தது.

கம்பளி இருக்கும் இடத்துக்கு அந்துப்பூச்சி வந்து சேரும், அதைத் தடுப்பதுதான் நித்தியகல்யாணியின் வேலையில் பெரும்பங்கு. மெல்லிய பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் துணியைத் துடைப்பாள், தரையிடுக்கில் எல்லாம் மெஷின் வைத்துத் தூசியை உறிஞ்சுவாள், சந்தேகப்பட்ட துணியைப் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மீன்கடைக் காதர் மைதீனின் ஐஸ் பெட்டியில் இரண்டு வாரம் உறைய வைத்து முட்டையோடு சாகடிப்பாள். மூலைக்கு மூலை ஓர் ஒட்டு அட்டை வைத்திருப்பாள், பெண்பூச்சியின் வாசனை தடவிய அட்டை அது, இல்லாத ஒருத்தியைத் தேடி ஆண்பூச்சிகள் வந்து ஒட்டிக்கொண்டு செத்துப்போகும், அந்த அட்டைகளை எடுத்து எண்ணும்போது மட்டும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும் என்று கூட்டிப் பெருக்குகிற அம்மா சொல்வாள். துணி அறை வாசலில் ஆணியில் ஒரு பிரஷ் தொங்கும், அதன் கீழே அவளே எழுதிய பலகை, 'தோளைத் தட்டிவிட்டுப் போங்கள்'. ஒரு பூச்சி சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே போனால் போகிற வீட்டில் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள், அவர்கள் தட்டும்வரை விடவும் மாட்டாள்.

அன்றைக்குக் காலை அவள் கதவைத் திறந்தபோது, பார்வையாளர் உட்காரும் மரப்பெஞ்சில் செவத்தியான் உட்கார்ந்திருந்தார், முழுக்க முழுக்கப் பூச்சியாக, வைக்கோல் நிறத்தில், அதே அகலத் தோளும் அதே தொப்பையுமாக, கண் மூக்கு என்று தனியாக எதுவும் இல்லாமல், ஆனால் இடது காலை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டி, கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் மிதிப்பது போல அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டு. அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அவருடைய கம்பளிக் கோட்டைப் பார்த்தாள். காலரைக் காணோம். எதைத் தின்றதோ அதுவாகவே பூச்சி வளர்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, கதவைச் சாத்தி, தோளைத் தட்டிவிட்டு, கேரட் காட்டுக்குப் போகாமல் இடுப்புவலியோடு வீட்டில் இருந்த அருளாயியைத் தேடிப் போனாள்.

"உங்க வீட்டுக்காரர் மியூசியத்துல வந்து உக்காந்திருக்கார்மா."

அருளாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சாப்புட்டாகளா?"

"வளந்த அந்துப்பூச்சிக்கு வாய் கிடையாது. புழுவா இருக்கையில தின்னதுதான்."

"புழுவா இருக்கையில நல்லாச் சாப்புட்டாகளா?"

"கோட்டுக் காலர் முழுசும் தின்னாச்சு."

"அப்பச் சரி," என்று அருளாயி அரிசியை மூடி வைத்துவிட்டு, தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானம் வரை பேசினாள். சின்னவளுக்கு இரண்டாவதும் பெண் பிறந்தது, வீட்டுக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்டது, அவர் ஓட்டிய கடைசி பஸ்ஸை நிறுத்திவிட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள், எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு வளைவுகளில் எல்லாம் கிளட்ச் மிதித்தார். வெயில் ஜன்னலுக்கு வந்ததும் பூச்சிகளுக்கு வெளிச்சம் ஆகாமல் ஒவ்வொன்றாக அலமாரி இடுக்குக்குள் ஓடிவிட, பெஞ்ச் காலியானது. நாளைக்கு வருவாகளா என்று அருளாயி கேட்டாள். கோட்டு இருக்கும்வரை வருவார் என்றாள் நித்தியகல்யாணி.

இப்படித்தான் ஆரம்பித்தது. கார்த்திகை பிறப்பதற்குள் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்த மருதப்பன் வந்தார், மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா வந்தார், பாதர் ஒருவரும் வந்தார், அவரவர் துணி கிடந்த பெட்டிக்கு எதிரே அவரவர் வாழ்நாளில் எதை அதிகம் செய்தார்களோ அதைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக் கொடுத்தோம். ஊதுபத்தி கூடாது, சூடம் கூடாது, பூச்சிக்கு வாசனை ஆகாது என்று அவள் சொன்னதால், செத்தவர்களைப் பார்க்கப் போகும் இடத்துக்குக் கையை வீசிக்கொண்டு போகப் பழகினோம். ஊர்க் கடைகளில் அந்துருண்டை விற்பது தானாக நின்றது. இப்போது இருக்கும் பாதர் இதைத் திருச்சபை ஏற்கவும் இல்லை மறுக்கவும் இல்லை என்று பூசையில் சொல்லிவிட்டு, மத்தியானம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், செத்துப்போன பழைய பாதரிடம் கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றி ஆலோசனை கேட்டுவிட்டு வந்தார். காளியம்மன் கோயில் பூசாரியோ, பகலில் வருகிறது, சோறு கேட்பதில்லை, யார் மேலும் ஏறுவதில்லை, இதை நான் எதற்கு ஓட்ட வேண்டும் என்று கையைக் கழுவிவிட்டார்.

பார்த்தோம், எங்கள் வீட்டுத் துணிகளும் ஞாபகம் வந்தன. ஆற்றில் விட்டவர்கள் விட்டதுதான், அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஏதோ சாக்கில் ஒன்றிரண்டைப் பரணில் ஒளித்து வைத்திருந்தவர்கள் இப்போது தைரியமாக எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு நடந்தார்கள். செத்தவருக்குச் செய்கிறோம், குறை வைக்கக் கூடாது என்று பூந்திக்கொட்டை போட்டு ஊறவைத்துத் துவைத்து, பனிவெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, புதுத்துணிக்கு வைப்பது போல ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, தாம்பாளத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதில் ஒன்றைக்கூடப் பூச்சி தொடவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் குருவம்மாள் வந்து தன் புருஷனின் மஃப்ளர் இருந்த பெட்டிக்கு எதிரே காலிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் பெஞ்சில் அருளாயி சாக்கடைக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். ஒருநாள் நேரே நித்தியகல்யாணியிடம் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு என் மேல கோவமா மேடம்?"

"கோவமெல்லாம் இல்லம்மா. பூச்சி வெறும் கம்பளியைத் தின்னாது. அதுல வேர்வை இருக்கணும், தலையெண்ணெய் இருக்கணும், குழம்புக் கறை இருக்கணும். அழுக்கு இருக்கிற இடத்துலதான் முட்டையே வைக்கும்."

"செவத்தியான் கோட்டுல அழுக்கு இருந்துச்சாக்கும்."

"அருளாயி துவைக்காமலே குடுத்திருக்கா."

"அவ என்னைக்குத் துவைச்சா?" என்றாள் குருவம்மாள். "இத்தனை வருஷமா அவுக துணியைப் பாத்துத்தான் மேடம் ஊரே என்னையப் பாராட்டும். அப்ப நான் நல்லாத் துவைச்சதுதான் தப்பா?"

நித்தியகல்யாணியின் பீரோவிலும் ஒரு ஸ்வெட்டர் இருந்தது.

சிதம்பரநாதன் இறந்தபோது அவருடைய வேட்டி சட்டை அத்தனையையும் அவர் அண்ணன்மார் மூட்டை கட்டிக் கொண்டுபோய்த் தாமிரபரணியில் விட்டார்கள். காப்பிப்பொடி நிறத்து ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் அவள் தலையணை உறைக்குள் திணித்து மறைத்துவிட்டாள். மறைத்தவள், எல்லோரும் போன பிறகு, படித்த படிப்பும் பார்த்த வேலையும் எப்படிச் சொன்னதோ அப்படியே, அதைக் காரமில்லாத சோப்பில் அலசி, நிழலில் விரித்துக் காயவைத்து, காதர் மைதீன் பெட்டியில் உறையவைத்து, அமிலம் இல்லாத தாளைச் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இந்த மலையில் அதைவிடச் சுத்தமான துணி வேறு இல்லை. அதில் அவரில் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் தன் கையாலேயே எடுத்துவிட்டோம் என்பது அவளுக்குக் குருவம்மாள் எதிரில் நின்றபோதுதான் உறைத்தது.

அவள் அவரை எதற்காகத் தேடினாள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. வேலை முடிந்து வந்ததும் இருவரும் சமையலறைக் கணப்புக்கு முன்னால் பெஞ்சில் உட்காருவார்கள், இடது ஓரத்தில் அவள், அவளுக்கு வலப்பக்கம் அவர், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப் போவாள். தான் பெரிய உடம்புக்காரி என்பதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வெட்கம் உண்டு, பாதித் தூக்கத்தில் விழித்து, கனக்குதா என்று கேட்பாள். ஒண்ணும் தெரியல, தூங்கு என்பார். தினமும் கேட்பாள், தினமும் அதையே சொல்வார், மரத்துப்போன தோளைக் காலையில் தேய்த்துவிட்டுக்கொண்டு இருப்பதையும் அவள் பார்த்திருக்கிறாள், ஆகவே மனுஷன் பொய் சொல்கிறார் என்றே நம்பியிருந்தாள். அவர் போன பிறகும் அதே பெஞ்சில் இடது ஓரத்திலேயே உட்கார்ந்து வலப்பக்கத்தைக் காலியாக விட்டாள். ஒரே ஒரு தடவை அந்தத் தோளை வந்து காட்டிவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இதற்கிடையில் அழுக்கு விஷயம் ஊரில் பரவிவிட்டது. குருவம்மாளிடமிருந்து அருளாயிக்குப் போனால் ஊருக்கே தண்டோரா போட்டது போலத்தான். பெண்டுகள் புருஷன்மார் ஸ்வெட்டரைத் துவைப்பதை நிறுத்தினார்கள். ஏன்டி துவைக்கல என்று கேட்டால், பின்னாடி வேணும்ல என்று பதில் வந்தது, இப்பவே அனுப்பப் பாக்குறியா என்று சில வீடுகளில் சண்டையும் நடந்தது. நாங்கள் ஆண்களும் சும்மா இல்லை, சம்சாரத்தின் சால்வையைக் கொடியிலிருந்து உருவித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டோம், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க பனிக்கொம்பையில் வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாடை சுற்றிக்கொண்டிருந்தது. லாண்டரி தாசன் தொழில் படுத்துப்போய், இஸ்திரிப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு அதே மேஜையில் பஜ்ஜி போட ஆரம்பித்தார்.

வம்பு வந்தது ஊர்ப் பணக்காரக் குடும்பத்தின் பெரிய பங்களாவிலிருந்து. அந்தக் குடும்பத்துப் பெரியவரின் கறுப்புக் கம்பளிக் கோட்டு எங்கள் அருங்காட்சியகத்தின் நடுப்பெட்டியில் இருந்தது, சீமையில் தைத்தது, அதைப் போட்டுக்கொண்டு அவர் கவர்னரோடு நிற்கும் போட்டோவும் பக்கத்தில் மாட்டியிருந்தது. அந்தக் கோட்டிலும் பூச்சி விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மகன் பிரதாபன் குடும்பத்தோடு, மாலையோடு, எங்களை எல்லாம் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வந்து நின்றார். கதவைத் திறந்தார்கள். பெஞ்ச் காலியாக இருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில், குட்டையாக, முதுகு வளைந்து, குந்தி உட்கார்ந்து, இல்லாத உருளைக்கிழங்கை இல்லாத கத்தியால் தோல் சீவிக்கொண்டிருந்தார் ஒருவர். பிரதாபன் வீட்டு ஆட்களுக்கு டீ கொடுக்க வந்திருந்த பாக்கியம் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா," என்றாள்.

பங்களாச் சமையல்காரர் உடையான்தான் அது. முதலாளி அந்தக் கோட்டைப் போட்டது மேடை ஏறிய சில நாட்கள்தான், உடையானோ விடியற்காலையில் வெந்நீர் அடுப்பு மூட்டும் குளிரில், யாரும் எழுந்திருக்கும் முன், ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, திரும்ப மாட்டிவிடுவார், வருஷக்கணக்காக. கோட்டு யாருக்குத் தைத்தது என்பது பூச்சிக்குத் தெரியாது, யாருடைய வேர்வை என்பதுதான் தெரியும். பாக்கியம் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். எங்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிரதாபன் மாலையை யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

அவர் போய் எங்கே எப்படிச் சொன்னாரோ, மார்கழியில் மேலிடத்து அதிகாரி நித்தியகல்யாணிக்குப் போன் பண்ணினார்.

"துணி அறையில பூச்சி இருக்குன்னு புகார் வந்திருக்கே மேடம்."

"ஆமா சார். ஆளுங்களும் இருக்காங்க."

"ஆளைப் பத்திப் புகார் ஒண்ணும் வரல. பூச்சியை ஒழிக்கிறதுதானே உங்க வேலை? கோடை சீசனுக்கு முன்னாடி எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடுங்க."

அவள் சரி என்றாள். பயந்து சொன்னதல்ல. ஒவ்வொரு தடவை ஒருவர் வந்து உட்காரும்போதும் அவர் துணியில் ஒரு கை அளவு குறைகிறது என்பதை எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவள் அவள்தான், இப்படியே விட்டால் அடுத்த மழைக்குள் பெட்டிகளில் நூல்கூட மிஞ்சாது, துணி தீர்ந்தால் வருகிறவர்களும் தீர்ந்தார்கள். அதைச் சொல்லி ஊரைக் கூட்டினாள். உறையவைத்தால் மிச்சத் துணி நிற்கும், ஆனால் யாரும் வரமாட்டார்கள், வைக்காவிட்டால் வருவார்கள், தீரும்வரை வருவார்கள் என்று இரண்டையும் எங்கள் முன்னால் வைத்தாள். சீசன் வரட்டும் பார்ப்போம் என்று கலைந்தோம். நல்லது கெட்டது எதையும் தள்ளிப்போடுவதில் எங்களுக்கு நிகர் நாங்களே.

அவளுக்குத் தள்ளிப்போட நாள் இல்லை. மார்கழிக் குளிரில் ஒரு காலை பீரோவைத் திறந்து, தாளைப் பிரித்து, சிதம்பரநாதனின் ஸ்வெட்டரை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். பெரிய உடம்பு, தையல் இழுத்துக்கொண்டு நின்றது. அதைப் போட்டுக்கொண்டே சமைத்தாள், அதைப் போட்டுக்கொண்டே தண்ணீர் சுமந்தாள், சந்தைக்கும் அதோடுதான் வந்தாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு காலரில் பிடரியைத் தேய்த்தாள். அருளாயி அதைக் கவனித்துவிட்டாள்.

"உடையான் கதையைப் பாத்துமா மேடம் இப்படிச் செய்யிறீக? உங்க வேர்வைக்கு யாரு வருவாக?"

"தெரியும். ஆனா தையலுக்கு உள்ளே, மடிப்புக்கு அடியில, நான் விட்டது ஏதாவது இருக்கும்லா? பூச்சியை அதுவரைக்கும் கூட்டிட்டுப் போகணும். போற வழிக்குத்தான் என் அழுக்கு."

"இருக்கும், இருக்கும்," என்றாள் அருளாயி. வேறு என்ன சொல்வாள். தை பாதியில் நித்தியகல்யாணி அந்த ஸ்வெட்டரைக் கழற்றி, துணி அறையில் கடைசிப் பெட்டியில் விரித்து வைத்துவிட்டு வந்தாள். அருங்காட்சியகத்துப் பொருள் அல்லாத ஒன்றை அங்கே வைப்பது அவள் உத்தியோகத்தில் அதுவரை செய்யாத காரியம்.

பங்குனி வந்தது. வெயில் ஏற ஏறப் பூச்சியும் பெருகியது, துணியும் குறைந்தது. செவத்தியான் கோட்டில் இடப்பக்கம் கையோடு சேர்ந்து அடிவரை போய்விட்டது, அவரும் அதற்கேற்ப வந்தார், முதலில் இடது கை இல்லாமல், பிறகு இடது கால் இல்லாமல். ஒரு காலை அருளாயி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வளைவு வந்ததும் இடுப்பை அசைத்து, இல்லாத காலால், எட்டாத கிளட்ச்சைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். அருளாயி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து மேஜை முன்னால் நின்றாள்.

"போதும் மேடம். கோட்டை ஐஸ்ல வச்சிருங்க."

"இன்னும் ஒரு மாசம் வருவாரும்மா."

"எதுக்கு? பாதை தெரியுது, வண்டி தெரியுது, மிதிக்கக் கால் இல்ல. எனக்குப் பேச ஆள் வேணும்னு அவுகள இப்படித் தேய விடலாமா? நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன். சாக்கடையைக்கூட நேத்து எடுத்துட்டாங்க."

அருளாயியே சொல்லிவிட்டாள் என்றதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். பாக்கியம் மட்டும் கடைசியாக வந்தாள், கோட்டுப் பெட்டியில் எங்கப்பா பேரையும் எழுதி வைப்பீங்களா என்று கேட்டாள், நித்தியகல்யாணி அங்கேயே ஓர் அட்டையில் உடையான் என்று எழுதி, கவர்னர் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். காதர் மைதீனுக்குச் சொல்லியனுப்பினாள்.

காதர் மைதீன் காலை வியாபாரம் முடித்துப் பெட்டி வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அவளும் கூட்டுகிற அம்மாவும் துணிகளைப் பாலிதீன் பையில் இட்டு, காற்றை அமுக்கி எடுத்து, டேப் ஒட்டி, வண்டியில் அடுக்கினார்கள். கோட்டுகள் போயின, சால்வைகள் போயின, பூச்சி தொடாத குருவம்மாளின் மஃப்ளரும் போயிற்று. குருவம்மாள் வண்டிவரை கூடவே வந்து, உங்களுக்கென்ன, சுத்தமாப் போறீக என்று அந்தப் பையைத் தடவிச் சொன்னாள். கடைசிப் பெட்டி மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு முன்னால் அதுவரை காலியாகவே கிடந்த பெஞ்சை அவள் காலையிலிருந்து திரும்பிப் பார்க்கவே இல்லை, அங்கே யாரோ உட்கார்ந்திருப்பது முதுகுக்குத் தெரிந்திருந்தது.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பினாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் அருளாயியிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், ஆகவே எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெஞ்சில் இருந்தது ஒரு பெண். வாட்டசாட்டமான உடம்பு, அகலமான இடுப்பு, பின்னால் சொருகிய கொண்டை. இடது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, வலப்பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தைக் காலியாக விட்டிருந்தது. மடிப்புக்கு அடியில் எதுவும் இருந்திருக்கவில்லை. அவ்வளவு நன்றாக அலசியிருந்தாள். அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம், பிரஷ்ஷை எடுத்து ஒரே வீச்சில் கலைத்துவிடலாம் என்றுகூடக் கை போனது. அப்புறம் அந்த உருவம் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள், எத்தனை சாயங்காலங்கள் தான் இப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தாள், வெளியிலிருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் அது எப்படி இருக்கும் என்று அவளுக்கே இதுவரை தெரிந்திருக்கவில்லை. பாவமாக இருந்தது. போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்த உருவம் மெல்லச் சாய்ந்து அவள் இடது தோளில் தலையை வைத்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அத்தனை பெரிய உடம்பு, தலையும் தோளும் பக்கமும் முழுசாக அவள் மேல் சாய்ந்திருக்கிறது, கனம் என்று ஒன்று வரும் வரும் என்று காத்துக்கொண்டே இருந்தாள். வரவே இல்லை. பாதித் தூக்கத்தில் விழித்தது போல அது தலையைச் சற்றுத் தூக்கியது. அதற்கு வாய் கிடையாது, என்றாலும் என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணும் தெரியல, தூங்கு," என்றாள்.

வாசலில் காதர் மைதீன் ஹார்ன் அடித்தார். ஜன்னல் துணியின் ஓரத்தில் வெயில் தட்டியதும் அது கலைந்து பெட்டிக்குள் போக, அவள் எழுந்து அந்த ஸ்வெட்டரையும் முறைப்படி பையிலிட்டு, காற்றை எடுத்து, டேப் ஒட்டி, கொண்டுவந்து மற்றவற்றோடு வண்டியில் வைத்தாள். துணி அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படி இறங்கும்போது அவள் இடது தோளில் பூச்சி ஒன்று இருப்பதைக் கூட்டுகிற அம்மா பார்த்துவிட்டு, மேடம், தோளு என்று ஆணியிலிருந்த பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். நித்தியகல்யாணி அதை வாங்கித் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டு, தோள் அசையாமல், மெதுவாக வீட்டுக்கு நடந்தாள்.